பஞ்சர் லிக்விட் ஊற்றியும் காற்று நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சைக்கிள் டியூபுக்குள் பஞ்சர் லிக்விட் ஊற்றிவிட்டால் அப்புறம் பஞ்சர் கவலையே இல்லை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நெருஞ்சி முள்ளைப் பொறுத்தவரை அது உண்மை. ஸ்போக் முனை குத்தியதற்கும், பள்ளத்தில் இறங்கி டியூப் நசுங்கியதற்கும், வால்வு அடியில் ரப்பர் கிழிந்ததற்கும் அது உண்மை இல்லை. எத்தனை பாட்டில் ஊற்றினாலும் ஆகாது.

இந்த லிக்விட் ஒழுங்காக அடைப்பது ஒரே வகை ஓட்டையைத்தான்: சாலையைத் தொடும் பக்கத்தில் நேராகக் குத்திய சின்னத் துளை. ஆகவே காற்று இறங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "லிக்விட் போதவில்லையோ?" என்பதல்ல, "ஓட்டை டியூபின் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்பதுதான். கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கான பதிலைக் கண்டுபிடிக்கும் வேலை.

காரணம் எளிது. சக்கரம் சுற்றும்போது லிக்விட் டியூபின் வெளிவட்டத்தை நோக்கி வீசப்பட்டு அங்கே படலமாகப் படிகிறது. முள் குத்தினால், வெளியேறப் பார்க்கும் காற்றே லிக்விடையும் துளைக்குள் தள்ளுகிறது. ரிம் பக்கம் இருக்கும் உள்வட்டத்துக்கு, வண்டி ஓடும்போது லிக்விட் வந்து சேர்வதே இல்லை. வண்டி நின்றால் மொத்தமும் அடியில் போய்த் தேங்கிவிடும்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று கிளைக்கால் (glycol) என்ற வழுவழுப்பான திரவம் கலந்தது. ஸ்லைம் என்ற பெயரில் வரும் பச்சைத் திரவம் இந்த வகை. அதில் மிதக்கும் நாரும் ரப்பர் துகளும் துளையில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. வாய்க்கால் உடைப்பில் வைக்கோலைத் திணித்து நிறுத்துவது போல. இன்னொன்று ரப்பர் பால், அதாவது லேடக்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள், ஷீட் போடும்போது ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைப்பார்கள். இந்த லிக்விடில் இருப்பதும் அந்தப் பால்தான். பல பாட்டில்களைத் திறந்ததும் அமோனியா நெடி வருவது அதனால்தான். துளை வழியாக வெளியே வரும்போது உறைந்து தக்கையாகிவிடும்.

டியூபுக்கு எது நல்லது என்று கேட்டால், அகலமான டயரில் 40, 50 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) வைத்து ஓட்டுபவர்களுக்கு நார் கலந்த கிளைக்கால் வகையைத்தான் சொல்வேன். அது சீக்கிரம் காயாது. ஸ்லைம் பாட்டிலில் இரண்டு வருடம் என்று போட்டிருக்கிறார்கள், 3 மில்லிமீட்டர் வரையிலான துளையை அடைக்கும் என்றும் போட்டிருக்கிறார்கள். லேடக்ஸ் சில மாதங்களில் காய்ந்துவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஆனால் மெல்லிய டயரில் 80 பிஎஸ்ஐக்கு மேல் அடிப்பவர்களுக்கு நார் அடைப்பு தாங்காமல் பிய்த்துக்கொண்டு வரும். அங்கே லேடக்ஸ் பரவாயில்லை.

டியூப்லெஸ் டயரில் இது பிரமாதமாக வேலை செய்கிறதே, டியூபில் ஏன் தடுமாறுகிறது என்று பலர் கேட்பதுண்டு. டியூப்லெஸ் டயரில் துளை விழுவது தடித்த டயரில். அடைப்பு உட்கார அதில் ஆழம் இருக்கிறது. டியூப் ரப்பர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் தடிமன். காற்றடித்ததும் அது இழுபட்டு நிற்கிறது. இழுபட்ட ரப்பரில் விழுந்த துளை திறந்துகொள்ளவே பார்க்கும். டயர் அளவைவிடச் சின்ன டியூபைப் போட்டிருந்தால் இழுப்பு அதிகம், லிக்விட் தோற்பதும் அதிகம். 2.1 அங்குல டயருக்குள் 1.75 டியூபைப் போட்டுவிட்டு லிக்விடைக் குறை சொல்லக்கூடாது.

சரி, இனி அறிகுறிகள்.

லிக்விட் உள்ளேயே போகவில்லை

முதலில் உங்கள் வால்வு எது என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு ஸ்ரேடர். அதன் நடுவில் இருக்கும் பின்னைக் கழற்றாமல் ஊற்ற முடியாது. பல பாட்டில்களின் மூடியிலேயே பின்னைக் கழற்றும் சாவி இருக்கும். இல்லையென்றால் எந்த டூவீலர் பஞ்சர் கடையிலும் கழற்றித் தருவார்கள். பின்னைக் கழற்றியதும் காற்றின் வேகத்தில் அது பறந்து போய்விடும், விரலை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கறுப்புச் சைக்கிள்களில் வரும் பழைய வால்வு, அதாவது மேல் நட்டைத் திருகினால் உள்ளே இருப்பது மொத்தமும் வெளியே வந்துவிடுமே, அது டன்லப் வால்வு. இதில் ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். ஆனால் இதில்தான் பின்னால் ஒரு தொல்லையும் வரும், கீழே சொல்கிறேன்.

மெல்லிய பிரெஸ்டா வால்வாக இருந்தால், மேல் பகுதியில் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கிறதா என்று பாருங்கள். சீவியிருந்தால் சின்ன ஸ்பேனரில் பிடித்து உள்பகுதியைத் திருகி எடுக்கலாம். வட்டமாகவே இருந்தால் அது கழலாது. கழலாத வால்வு வழியாக நார் லிக்விடை அழுத்தி ஏற்ற முயல வேண்டாம். வால்வு அடைத்து டியூப் வீணாவதுதான் மிச்சம். கழலும் வால்வு உள்ள டியூபாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வால்வு சரியாக இருந்தும் போகவில்லை என்றால், டியூபில் காற்று மிச்சம் இருக்கும். டயரைச் சுற்றிலும் அமுக்கி முழுக்க வெளியேற்றுங்கள். வால்வை நேர் கீழே வைக்காதீர்கள், லிக்விட் அங்கேயே தேங்கும். கடிகாரத்தில் 4 அல்லது 8 இருக்கும் இடத்துக்குச் சக்கரத்தைத் திருப்பி, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, மெதுவாக அமுக்குங்கள். குலுக்காமல் ஊற்றினால் தண்ணீர் போன்ற பகுதி மட்டும் டியூபுக்குப் போகும், நார் பாட்டில் அடியிலேயே தங்கிவிடும். அப்படி ஊற்றிய டியூப் எந்த முள்ளையும் தடுக்காது.

அளவைப் பொறுத்தவரை பாட்டிலில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். பொதுவாக 26 அங்குல மவுண்டன் சைக்கிள் டியூபுக்கு 4 அவுன்ஸ், அதாவது 120 மில்லிக்குச் சற்றுக் குறைவு. 28க்கு 1½ அளவுள்ள பழைய சைக்கிளுக்கு 100 மில்லி போதும். 700க்கு 28 போன்ற மெல்லிய டியூபுக்கு 60 மில்லிக்கு மேல் வேண்டாம். ஊற்றி முடித்ததும் வால்வைத் துடைத்து, பின்னைப் போடுவதற்கு முன் பம்பால் இரண்டு அடி அடித்து, குழாயில் நிற்கும் லிக்விடை உள்ளே தள்ளிவிடுங்கள். இந்த இரண்டு அடியை விட்டுவிடுவதால்தான் பாதிப் பேருக்கு வால்வு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் காற்றடித்து உடனே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். சக்கரம் சுற்றினால்தான் லிக்விட் பரவும்.

முள் குத்திய இடத்தில் நுரைத்துக்கொண்டே இருக்கிறது, நிற்கவில்லை

முள்ளைப் பிடுங்கியதும் கொஞ்சம் லிக்விட் பீய்ச்சியடிப்பது சரியான அறிகுறிதான், பதற வேண்டாம். துளை அடியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் அப்படியே வையுங்கள். லிக்விட் அங்கே தேங்கி அடைக்கும். பிறகு ஏறி மெதுவாக ஓட்டுங்கள்.

நிற்கவில்லை என்றால் காற்றழுத்தம் அதிகமாக இருக்கலாம். அழுத்தம் கூடினால் அடைப்பு உட்காருவதற்குள் தூக்கி எறியப்படும். கொஞ்சம் காற்றை இறக்கி, டயர் ரிம்மில் இடிக்காத அளவு வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். நின்றதும் பழைய அளவுக்கு அடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான சின்னத் துளைகள் இதற்கே அடங்கிவிடும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் துளை பெரியது. ஆணி, கண்ணாடித் துண்டு, சீமைக் கருவேல முள்ளின் தடித்த அடிப்பாகம், இவை போடும் ஓட்டை 3 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஆணி குத்தியே நிற்கிறது, காற்றும் அவ்வளவாக இறங்கவில்லை என்றால், கடை வரும் வரை பிடுங்காமல் ஓட்டிப் போவது நல்லது. ஆணியே பாதி அடைப்பாக இருக்கிறது. நெருஞ்சியை மட்டும் தயங்காமல் அங்கேயே பிடுங்கலாம். அதன் கூர் சில மில்லிமீட்டர்தான், லிக்விட் அதை விழுங்கிவிடும்.

நெருஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் சைக்கிள் ஓட்டுபவர்களைப் படுத்தி எடுப்பதும் இதே செடிதான். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா அடங்கிய பழைய உலகத்திலிருந்து அங்கே போய்ப் பரவியது. காய் எப்படி விழுந்தாலும் ஒரு கூர் மேல்நோக்கியே நிற்கும். ஒரு கொடிமேல் ஏறினால் ஒரே டயரில் பத்து இடத்தில் குத்தும். பத்து ஒட்டுப் போட்டு உட்கார்ந்திருக்க முடியாது. பஞ்சர் லிக்விட் தன் விலைக்கு முழு மரியாதை செய்வது இந்த இடத்தில்தான். மேட்டு நிலத்து மண் பாதைகளில், கண்மாய்க் கரைகளில் தினமும் போய் வருபவர்கள் யோசிக்காமல் ஊற்றி வைக்கலாம்.

சீறிய லிக்விட் ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் பட்டிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். கிளைக்கால் வழுக்கும். துடைக்காமல் ஓட்டினால் பிரேக் பிடிக்காது. தண்ணீரும் துணியும் போதும், ஆனால் ஏறுவதற்கு முன் துடைக்க வேண்டும். டிஸ்க் பிரேக் தட்டில் பட்டிருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

லிக்விட் இருந்தும் ஒரேயடியாகக் காற்றுப் போய்விட்டது

இங்கேதான் இன்னொரு பாட்டில் வாங்க ஓடுகிறார்கள். வேண்டாம். டியூபை வெளியே எடுங்கள்.

எடுப்பதற்கு முன் இரண்டு காரியம். வால்வை மேலே வைத்துக்கொண்டு மிச்சக் காற்றை இறக்குங்கள், கீழே இருந்தால் லிக்விட் முகத்தில் அடிக்கும். பிறகு வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எந்தப் பக்கம் செயின் பக்கம் என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்தக் கோடு இல்லாவிட்டால், டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு டயரில் முள்ளைத் தேடி முழு வட்டமும் தடவிக்கொண்டிருக்க வேண்டும்.

வெளியே எடுத்த டியூபில், டயருக்குள் இருந்ததைவிடச் சற்றுப் பருமனாகும் வரை காற்றடியுங்கள். லிக்விட் உள்ள டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் சில சமயம் குமிழே வராது; ரப்பர் தளர்ந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். பருமனாக்கினால் திறக்கும். அதற்கும் முன்பாகக் கண்ணாலேயே பாருங்கள். பச்சையோ வெள்ளையோ ஈரக் கறை எங்கே இருக்கிறதோ, அநேகமாக ஓட்டை அங்கேதான். டயரின் உள்பக்கத்திலும் அதே இடத்தில் கறை இருக்கும். சாதாரண டியூபில் இந்த வசதி கிடையாது.

ஓட்டை வெளிவட்டத்தில், நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குத்தியது இன்னும் டயரில் இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள். விரலால் தடவ வேண்டாம். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுதும் இழுத்தால், முனை இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். சீமைக் கருவேல முள் உள்ளே ஒடிந்து, வெளியே தெரியாமல் கிடக்கும். அதைவிடத் தேடக் கடினமானது நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் மெல்லிய எஃகுக் கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் கம்பி வலையும் துண்டு துண்டாகி ஓரத்தில் ஒதுங்குகிறது. தலைமுடி போல இருக்கும் அந்தத் துண்டு டயரில் புதைந்துவிட்டால், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் டியூபைக் குத்தி, போட்ட அடைப்பைத் திறந்துகொண்டே இருக்கும். லிக்விட் அடைக்க அடைக்க அது குத்தும். அடைப்பு நிற்காததற்கு லிக்விட் மட்டமானது என்ற முடிவுக்கு வரும் முன், கட்டாயம் இந்தக் கம்பியைத் தேடுங்கள். ட்வீசரோ மூக்கு நீண்ட குறடோ வேண்டும்.

ஓட்டை உள்வட்டத்தில், ரிம் பக்கம் இருந்தால் கதையே வேறு. ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் பட்டையான ரிம் டேப் நகர்ந்தோ கிழிந்தோ ஸ்போக் துளையின் விளிம்பு டியூபை அறுத்திருக்கும், அல்லது நீண்டுகொண்டிருக்கும் ஸ்போக் முனை குத்தியிருக்கும். லிக்விட் அங்கே எட்டாது என்று மேலேயே சொன்னேன். வீல் பெண்டு எடுத்த பிறகு இப்படி நடந்தால் பெரும்பாலும் ஸ்போக் முனைதான், ஏனென்றால் இறுக்கும்போது ஸ்போக், அதை ரிம்மில் பிடித்திருக்கும் சின்ன நட்டான நிப்பிளைத் தாண்டி உள்ளே நீளும். அரத்தால் ராவி மட்டமாக்குங்கள். துணி ரிம் டேப் வாங்கி இழுத்துப் போடுங்கள். பஞ்சர் கடைகளில் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி ரிம்மைச் சுற்றிப் போடுவார்கள்; சாதாரண அழுத்தத்துக்கு அது நன்றாகவே தாங்கும். மெல்லிய டயரில் அதிக அழுத்தம் வைப்பவர்களுக்கு அது போதாது, ரப்பர் ஸ்போக் துளைக்குள் பிதுங்கும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல் தெரிந்தால் அது முள்ளே அல்ல. காற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்திலோ வேகத்தடை விளிம்பிலோ இறங்கியிருக்கிறீர்கள். டயர் நசுங்கி, அதற்கும் ரிம்மின் இரண்டு உதடுகளுக்கும் இடையில் டியூப் கடிபட்டிருக்கிறது. கீறல் வாய் பிளக்கும், நார் நிற்காது. ஒட்டுப் போடலாம், இரண்டையும் மூடும் பெரிய ஒட்டாக. லிக்விட் ஊற்றிய சைக்கிள்களில் இந்தக் கடி அதிகமாக வருவதைப் பார்க்கிறேன். ஊற்றியாயிற்று என்ற தைரியத்தில் காற்றழுத்தத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். டயரின் பக்கச் சுவரில் எவ்வளவு பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருக்கிறது. வாரம் ஒரு முறை பம்பு எடுங்கள். லிக்விட் இருக்கும் டியூபுக்கும் அது வேண்டும்.

வால்வு அடியில் கிழிசல் இருந்தால் டியூபைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அங்கே ஒட்டும் நிற்காது. ஆனால் காரணத்தைப் பார்த்துவிட்டுப் புது டியூப் போடுங்கள். பழைய டியூபில் வால்வு சாய்ந்து நின்றதா? காற்றுக் குறைவாக ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டி நிற்பதால் அடியில் கிழிகிறது. இதற்கும் மருந்து பம்புதான். வால்வு சாய ஆரம்பித்ததும் காற்றை இறக்கி, டயரை நேராக்கி மீண்டும் அடித்தால் டியூப் தப்பிக்கும்.

இரவு நிறுத்தினால் காலையில் காற்று இறங்கியிருக்கிறது

ஓடும்போது நிற்கிறது, நின்றால் இறங்குகிறது. லிக்விட் பாதி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தும்போது துளை மேல் பக்கம் போய்விட்டால் அங்கே லிக்விட் இல்லை, மெல்லிய அடைப்பு வழியாகக் கசியும்.

முதலில் வால்வைச் சோதியுங்கள், நிமிட வேலை. வால்வை மேலே கொண்டுவந்து வாயில் எச்சிலோ சோப்பு நீரோ தடவி, குமிழ் விடுகிறதா என்று பாருங்கள். நார் ஒன்று பின்னின் ரப்பருக்கு அடியில் மாட்டியிருந்தாலே இரவெல்லாம் கசியும். பின்னைக் கழற்றிக் கழுவிப் போடுங்கள், அல்லது புதுசு போடுங்கள்.

வால்வு சரியென்றால், துளையை அடியில் வைத்து ஓர் இரவு நிறுத்திப் பாருங்கள். துளை எது என்று தெரியாவிட்டால் டயரின் வெளிப்பக்கம் ஈரப் புள்ளி தேடுங்கள். தூசி ஒட்டிக் கறுத்துப் போயிருக்கும். மறுநாள் காற்று நின்றால் அடைப்பு பிடித்துக்கொண்டது. மறுபடியும் இறங்கினால் லிக்விட் குறைந்துவிட்டது அல்லது காய்ந்துவிட்டது. அப்போது மேலும் 30, 40 மில்லி ஊற்றுவது நியாயம். இந்தக் கட்டுரையில் மேலும் ஊற்றச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

பம்பு அடித்தால் காற்று ஏறவில்லை

டன்லப் வால்வுக்கு வருகிறேன். பழைய வகையில், துளையின் மேல் வால் டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போர்த்தியிருக்கும். பம்பின் காற்று அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும், திரும்பி வராது. லிக்விட் பட்டுக் காய்ந்தால் இந்த ரப்பர் துளையோடு ஒட்டிவிடும். எவ்வளவு அடித்தாலும் பம்பு கல்லாக நிற்கும். நட்டைக் கழற்றி, வால் டியூபை உருவி எறிந்துவிட்டு, தண்டைக் கழுவிப் புது வால் டியூப் மாட்டுங்கள். மிக மலிவான பொருள், இரண்டு மூன்று எப்போதும் பையில் இருக்கட்டும். ரப்பர் குழாய் இல்லாத புதுவகை உள்வால்வும் கிடைக்கிறது. லிக்விட் ஊற்றுபவர்கள் அதற்கு மாறிக்கொண்டால் இந்தத் தொல்லை நிறையக் குறையும். இந்த வால்வில் நட்டைத் திருகியதும் உள்ளே இருப்பது மொத்தமும் ஒரே வீச்சில் வரும். ஆகவே வால்வை மேலே வைத்து, துணி மூடி, கால் கால் சுற்றாகத் திருகுங்கள்.

ஸ்ரேடரிலும் பிரெஸ்டாவிலும் இதே அடைப்பு வந்தால் உள்பகுதியைக் கழற்றுங்கள். கிளைக்கால் வகை தண்ணீரிலேயே கழுவினால் போகும். லேடக்ஸ் காய்ந்திருந்தால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். தண்டுக்குள் அடைத்திருந்தால் பழைய ஸ்போக் ஒன்றின் மழுங்கிய முனையால் மெதுவாகக் குத்தி உள்ளே தள்ளுங்கள். கூர் முனையை விட்டால் டியூபின் எதிர்ச்சுவரில் ஓட்டை விழும்.

வராமல் தடுக்க ஒரே பழக்கம்: காற்று அடிப்பதும் இறக்குவதும் வால்வு மேலே இருக்கும்போது மட்டும். அளவு பார்க்கும் கேஜைச் சொருகுவதும் அப்படித்தான், இல்லையென்றால் கேஜுக்குள் லிக்விட் போய் அது கெடும்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்துக் காற்றடிப்பவர்கள் லேடக்ஸ் லிக்விட் உள்ள டியூபில் அதைத் தவிர்க்க வேண்டும். அந்த வாயு நீரில் கரைந்தால் அமிலத்தன்மை வரும்; ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். பல லேடக்ஸ் லிக்விடுகள் உள்ளேயே கட்டி தட்டிவிடும். வழியில் வேறு கதி இல்லாமல் அடித்துவிட்டால், வீடு வந்ததும் அதை இறக்கிவிட்டு பம்பால் அடித்து, லிக்விட் இன்னும் திரவமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரம் தூக்கிப் போடுகிறது

பல நாள் நிறுத்தி வைத்த சைக்கிளில் முதல் சில நூறு மீட்டர் சக்கரம் துள்ளுவது சகஜம். அடியில் தேங்கிய லிக்விட் பரவியதும் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் உள்ளே காய்ந்து உருண்டையாகியிருக்கிறது. டயரை அமுக்கிப் பார்த்தாலே கட்டி தட்டுப்படும். அந்த டியூபுக்கு ஆயுள் முடிந்தது, மேலே புது லிக்விட் ஊற்றிப் பயனில்லை. வண்டி கனமாக மிதிபடுகிறது என்பது வேறு விஷயம்: அகலமான டியூப் என்றால் ஒவ்வொரு சக்கரத்திலும் நூறு கிராமுக்கு மேல் கூடியிருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும். பின் சக்கரத்துக்குத்தான் பாரமும் பஞ்சரும் அதிகம் என்பதால், எடை பிடிக்காதவர்கள் பின்னால் மட்டும் ஊற்றிக்கொள்ளலாம்.

ஒட்டுப் போட்டால் ஒட்டவில்லை

ஓட்டையிலிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருந்தால் எந்தச் சொல்யூஷனும் பிடிக்காது. காற்றை முழுக்க இறக்கி, ஓட்டை மேல் பக்கம் வரும்படி டியூபை ஒரு கொக்கியில் தொங்கவிடுங்கள். லிக்விட் கீழே இறங்கிவிடும். கிளைக்கால் எண்ணெய் போல வழுக்கும், அதனால் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலோ ஸ்பிரிட்டோ தொட்ட துணியால் துடைத்து, சொல்யூஷன் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவு காயும் வரை பொறுத்திருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அமுக்குவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. ஒட்டியதும் உடனே முழு அழுத்தம் ஏற்றாமல், டயருக்குள் போட்ட பிறகே ஏற்றுங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, டியூபுக்குள்ள லிக்விட் இருக்கு." சொல்லாமல் விட்டால் அவர் வழக்கம் போல வால்வைப் பிடுங்குவார், சட்டையெல்லாம் பச்சையாகும், தொட்டித் தண்ணீரும் கெடும். சிலர் இதற்குக் கூடுதலாகக் கேட்பார்கள், கேட்பது சரிதான், கழுவிக் காயவைக்கும் வேலை அவருக்கு இரண்டு மடங்கு. புது டியூப் போட்டு மறுபடியும் லிக்விட் ஊற்றினால், எந்த மாதம், எந்த வகை என்று டயரின் பக்கச் சுவரில் மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லேடக்ஸையும் கிளைக்கால் வகையையும் ஒரே டியூபில் கலக்க வேண்டாம்.